கறுப்புக் கொடியும் கள்ளத் தேதியும்

சிரியாவின் வடக்கே, துருக்கி எல்லையிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டரில் தாபிக் என்று ஒரு சின்ன ஊர். எண்ணெய்க் கிணறு கிடையாது. துறைமுகம் கிடையாது. பிடித்தால் பெரிய லாபம் என்று சொல்ல அங்கே எதுவுமே கிடையாது. ஆனாலும் 2014 ஆகஸ்டில் ஐ.எஸ். இயக்கம் சண்டை போட்டு அந்த ஊரைப் பிடித்தது. காரணம் ஒரு ஹதீஸ். கடைசிக் காலத்தில் ரோமர்களின் படை அஃமாக்கிலோ தாபிக்கிலோ வந்து இறங்கும், அங்கே பெரும் போர் நடந்து முஸ்லிம் படை வெல்லும் என்ற பொருளில் ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் ஒரு செய்தி இருக்கிறது. ரோமர் என்றால் அமெரிக்கா, தாபிக் என்றால் இதே தாபிக், கடைசிக் காலம் என்றால் அநேகமாக அடுத்த வருஷம்! இதுதான் அவர்கள் போட்ட கணக்கு. தங்கள் இணையப் பத்திரிகைக்கே 'தாபிக்' என்றுதான் பெயர். ஊரைப் பிடிப்பதற்கு முந்தைய மாதமே முதல் இதழ் வந்துவிட்டது.

2014 நவம்பரில் ஓர் அமெரிக்கரைக் கொன்று, "முதல் சிலுவைப் போர்வீரனை தாபிக்கில் புதைக்கிறோம்" என்கிற தோரணையில் வீடியோ வெளியிட்டார்கள். அவர் அப்போது போர்வீரர் இல்லை, சிரிய அகதிகளுக்கு மருத்துவ உதவி செய்ய வந்தவர். பிடிபட்டிருந்த காலத்தில் இஸ்லாத்தைத் தழுவியவரும்கூட. ரோமர் படை வரவில்லை என்பதால் கையில் கிடைத்த ஒரு ஆளை ரோமர் ஆக்கினார்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று? 2016 அக்டோபர் 16 அன்று துருக்கி ஆதரவு பெற்ற சிரியக் கிளர்ச்சிப் படைகள் தாபிக்கைக் கைப்பற்றின. அந்தப் படையில் இருந்தவர்களும் முஸ்லிம்கள்தான். உலகம் முடியும் யுத்தம் என்று இரண்டு வருஷமாக விளம்பரம் செய்தவர்கள் பெரிய எதிர்ப்பு எதுவும் காட்டாமல் பின்வாங்கிவிட்டார்கள். அதைவிடப் பெரிய வேடிக்கை, அதற்கு ஒரு மாதம் முன்பே 'தாபிக்' பத்திரிகைக்குப் பதிலாக 'ரூமிய்யா' என்ற புதுப் பத்திரிகை வந்துவிட்டது. ரூமிய்யா என்றால் ரோம். தாபிக் கையை விட்டுப் போகப் போகிறது என்று தெரிந்ததும், ஊர் பெயர் மாறிவிட்டது! காலாவதியான பிஸ்கட் பாக்கெட்டில் புது லேபிள் ஒட்டி மறுபடி அலமாரியில் அடுக்குகிற கடைக்காரனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? கடைக்காரனால் வயிற்றுப்போக்குதான் வரும்.

இந்த லேபிள் வியாபாரம் ஐ.எஸ். கண்டுபிடித்தது இல்லை. அவர்கள் கையில் பிடித்திருக்கும் அந்தக் கறுப்புக் கொடியே இப்படி லேபிள் மாற்றி மாற்றி விற்கப்பட்ட சரக்குதான். அதைத் தூக்குகிறவர்களும் சரி, டிவியில் உட்கார்ந்து அதைத் திட்டுகிறவர்களும் சரி, அது ஏழாம் நூற்றாண்டிலிருந்து அப்படியே வந்த பழைய சமாச்சாரம் என்றே பேசுகிறார்கள். இரண்டு பேருக்கும் அது வசதியாக இருக்கிறது. ஆனால் உண்மை அது இல்லை.

கி.பி. 747 ஜூன் மாதம். இன்றைய துர்க்மேனிஸ்தானில் இருக்கும் மர்வ் நகருக்குப் பக்கத்தில் ஸஃபீதஞ்ச் என்ற கிராமம். அன்றைக்கு அந்தப் பிரதேசம் முழுவதற்கும் குராசான் என்று பெயர். டமாஸ்கஸில் இருந்து ஆண்ட உமையா கலீஃபாக்களுக்கு எதிராக அபூ முஸ்லிம் என்பவர் அங்கே இரண்டு கறுப்புக் கொடிகளை ஏற்றினார். ஒன்றின் பெயர் 'நிழல்', இன்னொன்றின் பெயர் 'மேகம்' என்று தபரீ எழுதியிருக்கிறார். (மேகத்துக்கு அரபியில் ஸஹாப். அல்-காய்தாவின் வீடியோ பிரிவுக்கும் அதே பெயர்தான் என்பதைக் கவனியுங்கள்.) ஏன் கறுப்பு? கொல்லப்பட்ட நபிக் குடும்பத்தாருக்கான துக்கம் என்று சிலர், நபியின் கொடி நிறம் என்று சிலர், சரித்திரக்காரர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். அபூ முஸ்லிம்கூட முதல் ஆள் இல்லை. 734லேயே ஹாரிஸ் இப்னு சுரைஜ் என்பவர் அதே குராசானில் கறுப்புக் கொடியோடு கிளர்ச்சி செய்து, கடைசியில் 746இல் கொல்லப்பட்டார்.

இந்தக் கிளர்ச்சியின் கோஷம்தான் முக்கியம். "முஹம்மதின் குடும்பத்திலிருந்து எல்லோருக்கும் ஏற்புடைய ஒருவர்" கலீஃபா ஆக வேண்டும் என்றார்கள். யார் அந்த ஒருவர்? பெயர் சொல்லவே இல்லை. காமர்ஸ் படிக்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும்: பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்ட செக். அலீயின் வம்சத்தை நேசித்தவர்கள் எல்லோரும் அந்தக் காலி இடத்தில் தங்கள் ஆளின் பெயரை நினைத்துக்கொண்டு வாளைத் தூக்கினார்கள். 749இல் கூஃபாவில் அந்த இடத்தில் எழுதப்பட்ட பெயரோ அபுல் அப்பாஸ்! நபியின் சித்தப்பா அப்பாஸின் வம்சம். அடுத்த வருஷம் ஸாப் நதிக்கரையில் உமையாக்கள் தோற்றார்கள். அப்பாஸியர்களின் ஆட்சி வந்தது, கறுப்பு அரசாங்க நிறம் ஆனது.

சரி, தீர்க்கதரிசனத்துக்கு வருவோம். கிழக்கிலிருந்து, குராசானிலிருந்து கறுப்புக் கொடிகள் வரும், அவற்றில் மஹ்தி இருப்பார், பனியில் தவழ வேண்டியிருந்தாலும் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள் என்கிற மாதிரியான செய்திகள் இப்னு மாஜா, திர்மிதீ, முஸ்னத் அஹ்மத் போன்ற தொகுப்புகளில் இருக்கின்றன. குராசானின் கொடிகள் ஜெருசலேமில் நாட்டப்படும் வரை யாராலும் தடுக்க முடியாது என்று ஒரு வடிவமும் உண்டு. இவை எல்லாமே அப்பாஸியர்கள் ஜெயித்த பிறகு தொகுக்கப்பட்ட புத்தகங்கள். ஹதீஸ் தொகுப்புகளில் மிக உயர்ந்த இடத்தில் வைக்கப்படும் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இந்தக் கறுப்புக் கொடிச் செய்தி இல்லை. யாருமே சேர்க்காமல் விட்ட இடம் எது என்பதும் ஒரு சாட்சிதானே?

ஒரு தீர்க்கதரிசனத்துக்குத் தேதி கண்டுபிடிக்க சரித்திர ஆய்வாளர்களிடம் ஒரு எளிய வழி இருக்கிறது. அது எந்த வருஷம் வரை அச்சுப் பிசகாமல் பலித்துக்கொண்டே வருகிறது, எந்த வருஷத்திலிருந்து சொதப்புகிறது என்று பார்ப்பார்கள். அந்த மூலையில்தான் அதை எழுதியவன் உட்கார்ந்திருப்பான். குராசானில் கொடி ஏறியது, சரி. மேற்கே வந்தது, சரி. நபியின் குடும்பத்தார் என்ற பெயரில் ஆட்சி மாறியது, சரி. அதற்கப்புறம் பூமியெங்கும் நீதி நிறையும் என்று இருந்தது பாருங்கள், அது நடக்கவில்லை. ஆடிட்டர் வருகிறார் என்று தெரிந்த இரவு உட்கார்ந்து பழைய தேதி போட்டு வவுச்சர் எழுதுகிறவனை யாருக்கும் தெரியாதா என்ன? எல்லா வவுச்சரிலும் ஒரே மை, ஒரே கையெழுத்து.

நீதி எப்படி நிறைந்தது என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். கொடி ஏற்றிக் கொடுத்த அபூ முஸ்லிமை 755இல் இரண்டாவது அப்பாஸிய கலீஃபா மன்சூர் பேச்சுவார்த்தைக்கு என்று கூப்பிட்டுத் தன் கூடாரத்திலேயே கொன்றார். 762இல் மதீனாவில் அலீ வம்சத்தைச் சேர்ந்த முஹம்மத் என்பவர் கிளர்ச்சி செய்தார். பலர் அவரைத்தான் மஹ்தி என்று நம்பினார்கள். அவரும் கொல்லப்பட்டார். அதன் பிறகு மன்சூருக்கு வாரிசாக 775இல் கலீஃபா ஆனவர் யார்? அவருடைய மகன். அவருடைய பட்டப் பெயர் 'அல்-மஹ்தி'! எதிரி வைத்திருந்த பிராண்டை வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டார்கள். அதோடும் முடியவில்லை. 817இல் கலீஃபா மஃமூன் அரசியல் காரணத்துக்காக கறுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பச்சைக்கு மாறினார். பாக்தாதில் எதிர்ப்பு கிளம்பியது. 819இல் மறுபடி கறுப்பு. புனிதம் எல்லாம் இரண்டே வருஷத்தில் போய் வந்துவிட்டது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. 2014க்குப் பிறகு ஐ.எஸ்ஸை வெறுத்த பல முஸ்லிம்கள் சந்தோஷமாகப் பரப்பிய ஒரு செய்தி உண்டு. கறுப்புக் கொடிகளைப் பார்த்தால் இருந்த இடத்தை விட்டு அசையாதீர்கள், அவர்கள் இரும்பு நெஞ்சக்காரர்கள், அவர்களின் பெயர்கள் 'அபூ' என்று ஆரம்பிக்கும், ஊர்ப் பெயர் பின்னால் ஒட்டியிருக்கும், நீள முடி வைத்திருப்பார்கள் என்று அலீ சொன்னதாக அது போகிறது. அபூ பக்ர் அல்-பக்தாதீக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது இல்லையா? ஆனால் இது வருவது நுஐம் இப்னு ஹம்மாத் தொகுத்த 'கிதாபுல் ஃபிதன்' என்ற புத்தகத்தில். நுஐம் குராசானைச் சேர்ந்தவர், 843 வாக்கில் சிறையில் இறந்தவர். கொள்கைக்காகச் சிறைப்பட்டவர் என்ற மரியாதை உண்டு, ஆனால் ஹதீஸ் அறிவிப்பாளர் என்ற முறையில் விமர்சகர்கள் பலர் அவரை நம்பவில்லை. அந்தப் புத்தகத்தில் கறுப்புக் கொடியைப் புகழும் செய்தியும் இருக்கிறது, இகழும் செய்தியும் இருக்கிறது. நீள முடி, 'அபூ', ஊர்ப் பெயர் எல்லாமே அபூ முஸ்லிம் அல்-குராசானியின் ஆட்களுக்கும் அப்படியே பொருந்தும். அதாவது அப்பாஸியர்களின் எதிரிகளும் அவர்கள் பங்குக்கு ஒன்றை அடித்து வெளியிட்டிருக்கிறார்கள். கள்ள நோட்டைக் கள்ள நோட்டால் திருப்பிக் கொடுத்து என்ன பிரயோஜனம்? இன்றைக்கு ஐ.எஸ்ஸைத் திட்ட அதை எடுத்தால், நாளைக்கு இன்னொருவன் இன்னொன்றை எடுப்பதைத் தடுக்க வாய் இருக்காது.

"இதெல்லாம் வெளியாட்கள் பேசுகிற பேச்சு" என்று ஒரு பதில் உடனே வரும். இல்லை. 1406இல் இறந்த இப்னு கல்தூன் தன் முகத்திமாவில் மஹ்தி பற்றிய ஹதீஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அறிவிப்பாளர் சங்கிலியில் எங்கே ஓட்டை என்று காட்டியிருக்கிறார். அவருக்கு முந்தைய தலைமுறையில் இப்னு கஸீர் மஹ்தியை நம்பினார். ஆனால் அபூ முஸ்லிம் கொண்டு வந்தவை அந்தக் கொடிகள் இல்லை, அவை இனிமேல் வரும் வேறு கொடிகள் என்று எழுதினார். நம்பிக்கையாளராக அவருக்கு வேறு வழி இருந்திருக்காது. ஆனால் அந்த ஒரு வரியின் விளைவைப் பாருங்கள். ஒரு தடவை பணம் எடுத்துவிட்ட செக் மறுபடியும் புதுசாகிவிட்டது. இனி எந்த நூற்றாண்டில் எவன் வேண்டுமானாலும் வங்கிக்கு எடுத்துப் போகலாம்.

எடுத்தும் போனார்கள். 1881இல் சூடானில் முஹம்மத் அஹ்மத் தன்னை மஹ்தி என்று அறிவித்தார். 1885 ஜனவரியில் கார்ட்டூமைப் பிடித்தார், ஜூனில் இறந்துபோனார். 1979 நவம்பர் 20, ஹிஜ்ரி 1400ஆம் ஆண்டின் முதல் நாள், ஜுஹைமான் அல்-உதைபீயின் ஆட்கள் மக்காவின் பெரிய பள்ளிவாசலையே துப்பாக்கியோடு கைப்பற்றி, முஹம்மத் அல்-கஹ்தானீ என்ற தங்கள் கூட்டாளிதான் மஹ்தி என்று அறிவித்தார்கள். மஹ்தி சாக மாட்டார் என்று நம்பியவர்கள் நடுவிலேயே, சில நாளில் அவர் செத்துப்போனார். முற்றுகை இரண்டு வாரம் நீடித்தது. உயிரோடு பிடிபட்டவர்களில் 63 பேரின் தலை 1980 ஜனவரியில் வெட்டப்பட்டது. 1996இல் பின் லாடன் அமெரிக்காவுக்கு எதிரான தன் போர் அறிவிப்பை ஆப்கானிஸ்தானின் இந்துகுஷ் மலையிலிருந்து வெளியிட்டார். அதில் இடத்தின் பெயரோடு 'குராசான்' என்றும் சேர்த்துக்கொண்டார். ஆப்கானிஸ்தான் என்று மட்டும் போட்டிருந்தால் விலாசம் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் விளம்பரம் ஆகியிருக்காது.

இப்போது எல்லோரும் பார்க்கும் அந்தக் கொடிக்கு, கறுப்புத் துணியில் மேலே கலிமாவின் முதல் பாதி, கீழே வெள்ளை வட்டம், அதற்கு எத்தனை வயது தெரியுமா? ஐ.எஸ்ஸின் முந்தைய அவதாரமான 'இராக் இஸ்லாமிய அரசு' 2006 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. கொடி 2007 ஜனவரியில் இணையத்தில் வெளியானது. யூடியூபைவிட இரண்டு வயது சின்னது! எழுத்தை வேண்டுமென்றே முரட்டுத்தனமாக, பழங்காலக் கையெழுத்து மாதிரி வடிவமைத்தார்கள். அந்த வெள்ளை வட்டம் நபியின் முத்திரையாம். நபியின் மோதிரத்தில் மூன்று வரியில் 'முஹம்மத்', 'ரசூல்', 'அல்லாஹ்' என்று பொறித்திருந்தது என்ற செய்தி புகாரீயில் இருக்கிறது. கலீஃபா உஸ்மான் காலத்தில் அது அரீஸ் கிணற்றில் விழுந்து, தேடியும் கிடைக்கவில்லை என்பதும் அதே புகாரீயில்தான் இருக்கிறது. அப்படியானால் கொடியில் இருக்கும் படம் எங்கிருந்து வந்தது? இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில் வைத்திருக்கும், நபி அனுப்பியதாகச் சொல்லப்படும் கடிதத்தின் முத்திரையிலிருந்து. அந்தக் கடிதத்தை 1850களில் எகிப்தில் ஒரு கிறிஸ்தவ மடத்தில் கண்டெடுத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். அது நபி காலத்துக் கடிதமே இல்லை என்பதுதான் ஆய்வாளர்கள் பலரின் கருத்து. மேற்கத்திய நாகரிகத்தின் நிழல்கூடப் படக்கூடாது என்று கழுத்தை அறுக்கிறவர்களின் கொடிச் சின்னம், ஒரு பிரெஞ்சுக்காரர் கொண்டு வந்து கொடுத்த கடிதத்தில் இருந்து வந்தது.

நபியின் கொடி கறுப்பு என்றும் ஹதீஸ் இருக்கிறது, வெள்ளை என்றும் இருக்கிறது, மஞ்சள் என்று அபூதாவூதில் ஒன்று இருக்கிறது. படைக்கு அடையாளம் வேண்டும், கையில் கிடைத்த துணியில் கட்டினார்கள், அவ்வளவுதான் விஷயம். அதில் மூன்றில் ஒன்றைப் பொறுக்கி எடுத்தது ஏன் என்பதற்கு விடை 747இல் இருக்கிறதே ஒழிய நபி காலத்தில் இல்லை. 2014 ஜூலை 4 அன்று மோசூலின் நூரி பள்ளிவாசல் மேடையில் பக்தாதீ ஏறியபோது கறுப்பு அங்கி, கறுப்புத் தலைப்பாகை. சாட்சாத் அப்பாஸிய வேஷம். மூன்று வருஷம் கழித்து, 2017 ஜூன் 21 அன்று, இராக் ராணுவம் நெருங்கியதும் அந்தப் பள்ளிவாசலையும், சாய்ந்த மினாரா என்று உலகமே அறிந்த அதன் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோபுரத்தையும் ஐ.எஸ்ஸே வெடி வைத்துத் தகர்த்தது.

கொடியை ஏற்றிய அவசரத்துக்கும் காரணம் இதே கள்ளத் தேதிதான். இராக் இஸ்லாமிய அரசின் படைத் தலைவர் அபூ அய்யூப் அல்-மஸ்ரீ, மஹ்தி ஒரு வருஷத்துக்குள் வந்துவிடுவார் என்று நம்பி அரசை அவசரமாக அறிவித்தார் என்று அந்த அரசின் தலைமை நீதிபதியாக இருந்தவரே 2007இல் அல்-காய்தா தலைமைக்குப் புகார் எழுதினார். மஹ்தி வரவில்லை. 2010 ஏப்ரலில் மஸ்ரீ செத்தார். இடைப்பட்ட வருஷங்களில் செத்த இராக்கியர்களுக்கு யார் கணக்கு எழுதுவது?

செத்தவர்கள் யார் என்று கேட்டாலே தீர்க்கதரிசனம் தடுமாறிவிடும். ரோமர்களோடு போர் என்றார்கள். 2014 ஜூனில் திக்ரித் அருகே ஸ்பைக்கர் முகாமில் சுட்டுத் தள்ளியது நிராயுதபாணியான ஷியா பயிற்சி வீரர்களை. ஆகஸ்டில் சிஞ்சாரில் யஸீதிகள். அதே ஆகஸ்டில் சிரியாவின் தைருஸ்ஸோர் பகுதியில் அடிபணிய மறுத்த ஷுஐதாத் பழங்குடியினர் நூற்றுக்கணக்கில், அவர்கள் ஸுன்னி முஸ்லிம்கள். 2014 செப்டம்பரில் உலகெங்கும் இருந்து 120க்கும் மேற்பட்ட முஸ்லிம் அறிஞர்கள் பக்தாதீக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, மார்க்க ஆதாரங்களோடு ஒவ்வொன்றாக மறுத்தார்கள். அதைப் படிக்க எந்த டிவிக்கும் நேரம் இல்லை.

குராசானையே பாருங்களேன். 2015 ஜனவரியில் ஐ.எஸ். அங்கே 'குராசான் மாகாணம்' அறிவித்தது. தீர்க்கதரிசனப்படி கறுப்புக் கொடிகள் மேற்கே ஜெருசலேமை நோக்கிப் புறப்பட வேண்டும். அவை முதலில் சண்டை பிடித்தது தாலிபான்களோடு! தாலிபான் கொடி வெள்ளை, அதிலும் கலிமா. கலிமா எழுதிய வெள்ளைக் கொடியும் கலிமா எழுதிய கறுப்புக் கொடியும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் கிடக்கின்றன. 2021 ஆகஸ்ட் 26 அன்று காபூல் விமான நிலைய வாசலில் அந்தக் குராசான் பிரிவின் குண்டில் செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்கானியர்கள், ஊரை விட்டுத் தப்பிக்க வரிசையில் நின்றவர்கள்.

இந்தக் கொடி தமிழ் பேசும் ஊரிலும் வந்து நின்றது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, இலங்கை. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்களிலும் கொழும்பு ஓட்டல்களிலும் 250க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாள் கழித்து ஐ.எஸ்ஸின் செய்திப் பிரிவு வெளியிட்ட வீடியோவில் அந்தக் கொடியின் முன்னால் முகம் மூடிய ஏழு பேர், முகம் காட்டிய ஒருவர். அவர் காத்தான்குடி ஸஹ்ரான் ஹாஷிம். இணையத்தில் தமிழில் பயான் செய்தே ஆள் சேர்த்தவர். அந்த ஆளைப் பற்றி முதலில் எச்சரித்தது உளவுத்துறை இல்லை, அவரைப் பக்கத்தில் இருந்து பார்த்த முஸ்லிம்கள்தான். 2017 மார்ச்சில் காத்தான்குடியில் அவருடைய ஆட்கள் வாளோடு போய்த் தாக்கியது ஸூஃபி வழி முஸ்லிம்களை. அதற்கப்புறம்தான் தலைமறைவு. மட்டக்களப்பில் ஞாயிறு பள்ளிக்கு வந்திருந்த தமிழ்க் குழந்தைகளுக்கும் குராசானுக்கும் ரோமுக்கும் என்ன சம்பந்தம்?

கொடியைத் தூக்கியவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், பில் வந்தது மற்றவர்களுக்கு. 2019 மே மாதம் குருநாகல், மினுவாங்கொட பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, புத்தளம் மாவட்டத்தில் ஒருவர் கொல்லப்பட்டார். கறுப்புத் துணியில் எழுதியிருப்பது ஒவ்வொரு முஸ்லிமும் தினமும் சொல்லும் கலிமா, ஸவூதி கொடியிலும் இருப்பது. அரபி எழுத்தைப் பார்த்தாலே ஐ.எஸ். என்று பதறுகிறவர், அந்த வாக்கியத்துக்குச் சொந்தக்காரர்கள் அவர்கள்தான் என்று ஐ.எஸ்ஸுக்குப் பட்டா போட்டுக் கொடுக்கிறார். அவர்கள் கேட்டதும் அதைத்தான்.

ஏப்ரல் 26 அன்று சம்மாந்துறையில் ஒரு வீட்டில் வெடிபொருட்களோடு அந்த வீடியோவில் இருந்தது போன்ற கொடியும் உடைகளும் கிடைத்தன. அன்று இரவே சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டைப் படையினர் சூழ்ந்தபோது உள்ளே இருந்தவர்கள் குண்டை வெடிக்க வைத்தார்கள். ஸஹ்ரானின் தந்தையும் சகோதரர்கள் இருவரும் அங்கே செத்தார்கள். மொத்தம் 15 உடல்கள், அதில் ஆறு குழந்தைகள். புதிதாகக் குடிவந்தவர்கள் மேல் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் சாய்ந்தமருது முஸ்லிம்கள். தற்கொலைக் குண்டுதாரிகளின் உடல்களைத் தங்கள் மையவாடிகளில் அடக்க மாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அதற்கு முன்பே அறிவித்திருந்தது.